மணலுக்கும் கடைமடை உண்டு

இந்த வாரம் முழுக்க மனம் நிறைந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சென்னைக் கடற்கரையில் அரை மாரத்தான் ஓடி முடித்தேன். தொடையில் இருந்த வலி புதன்கிழமையோடு போய்விட்டது, சந்தோஷம் தங்கிவிட்டது. நேப்பியர் பாலத்தில் தொடங்கி, காமராஜர் சாலை வழியே கலங்கரை விளக்கம், பட்டினப்பாக்கம், அடையாறு திரு.வி.க. பாலம் தாண்டி பெசன்ட் நகர் வரை போய், வந்த வழியே திரும்பும் பாதை. மொத்தம் 21.0975 கிலோமீட்டர். போகும்போது இடது கைப்பக்கம் இருட்டில் மணல்வெளி. வலது பக்கம் செனட் இல்லம், சேப்பாக்கம் அரண்மனை, மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம் என்று பழைய கட்டடங்களின் வரிசை.

ஒரு வண்டிகூட இல்லாத காமராஜர் சாலையில் நட்ட நடுவே ஓடுவது, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு எப்பேர்ப்பட்ட சுகம்! உழைப்பாளர் சிலையைப் பேருந்து ஜன்னல் வழியே ஆயிரம் முறை பார்த்திருப்போம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அந்த நான்கு பேரும் பாறையை நெம்பும்போது முதுகுத் தசை எப்படிப் புடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதை, நம் காலும் உழைத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் பார்த்தால்தான் முழுசாகத் தெரிகிறது. ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் இனிமேல் சொல்லப்போகும் யோசனை இதுதான்: மெரினாவை ஓடிப் பாருங்கள், முடியாவிட்டால் நடந்து பாருங்கள்.

சந்தோஷத்தைச் சொல்லிவிட்டேன். இனி கோபம்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஒலிபெருக்கியோடு எனக்குள்ள பகை தெரியும். ஆடி மாதத்து இரவுகளைப் பற்றி நான் எழுதியபோது வந்த கண்டனக் கடிதங்களும் நினைவிருக்கும். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தொடக்கக் கோட்டின் இரு பக்கமும் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி, விடியாத நாலரை மணிக்கு சினிமாப் பாட்டை அலற விட்டார்கள். மேடையில் ஒருவர் "சென்னை, ரெடியா?" என்று திரும்பத் திரும்பக் கத்தினார். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் நேரம் கேட்பதற்கு அவர் காதில் வாய் வைத்துப் பேச வேண்டியிருந்தது. வங்காள விரிகுடா அங்கேதான் இருந்தது. ஒரு அலையின் சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை.

பாதை நெடுகிலும் இதே கதை. தண்ணீர்ப் பந்தல் இருக்கும் இடமெல்லாம் ஒரு பெட்டி, ஒரு பாட்டு. உற்சாகப்படுத்துகிறார்களாம். நீண்ட தூரம் ஓடப் பழகுகிறவர்களுக்கு முதல் பாடமாக என்ன சொல்லித்தருகிறார்கள்? மூச்சுத் திணறாமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் ஓடு என்பதைத்தான். நம் ஊரில் குளிர்காலத்திலும் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது, உடம்புச் சூடு லேசில் இறங்காது. தன் மூச்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓடுகிறவர் வேகத்தைச் சரியான நேரத்தில் குறைத்துக்கொள்வார். அந்தச் சத்தத்தை அமுக்கிவிட்டு, குத்துப் பாட்டின் தாளத்துக்குக் காலை இழுத்தால் பாதி வழியில் சுருண்டு உட்கார வேண்டியதுதான். அப்படி உட்கார்ந்தவர்களை அன்றைக்கும் பார்த்தேன். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டிலேயே வந்த ஒலி மாசு விதி. சாலையின் ஓரத்தில் குப்பங்கள் இருக்கின்றன, குழந்தைகள் தூங்குகிறார்கள், ராத்திரியெல்லாம் கடலில் இருந்துவிட்டு வந்தவர்கள் அப்போதுதான் கண் அசந்திருப்பார்கள். ஆரோக்கியத்துக்காக ஓடுகிற கூட்டம் இன்னொருவர் தூக்கத்தின் மேல் ஏறி ஓடக் கூடாது.

சாந்தோம் அருகே பள்ளிப் பிள்ளைகள் சிலர் பறை அடித்துக்கொண்டு நின்றார்கள். மைக் கிடையாது. பத்தடி தூரத்தில் வந்தபோது நெஞ்சுக்குள் இறங்கியது, தாண்டியதும் விடைகொடுத்துவிட்டது. உற்சாகம் என்றால் அதுதான். நடத்துகிறவர்கள் அந்தப் பிள்ளைகளைப் போல இன்னும் பத்துக் குழுக்களைப் பாதையில் நிறுத்தட்டும், பெட்டிகளை வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பட்டும்.

கலங்கரை விளக்கம் தாண்டி லூப் ரோட்டில் பெட்டி எதுவும் இல்லை. அங்கேதான் கடலைக் கேட்டேன். திரும்பி வரும்போது வெளிச்சம் வந்திருந்தது. ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறிக்கொண்டிருந்தன. ஓட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், பதக்கத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, நேராக நொச்சிக்குப்பத்துக்கு வந்துவிட்டேன், மீன் வாங்க.

மணலில் வலையை விரித்துப்போட்டு ஒரு பெரியவர் நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். நைலான் நூல் நண்டின் கொடுக்கைச் சுற்றி, காலிடுக்கில் புகுந்து, ஓட்டின் முள்ளில் மாட்டியிருக்கும். இழுத்தால் கால் ஒடியும், ஒடிந்த நண்டுக்குப் பாதி விலைதான். அவர் இழுக்கவில்லை. பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, நூலை எந்த வழியாக அது உள்ளே போனதோ அதே வழியாகப் பின்னோக்கி எடுத்தார். வேலை ஓடிக்கொண்டிருக்க, என் கால் சட்டையையும் நெஞ்சில் குத்தியிருந்த எண்ணையும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எங்கேர்ந்தும்மா ஓட்டம்?"

"நேப்பியர் பாலத்துலேர்ந்து பெசன்ட் நகர் போயிட்டுத் திரும்பினோம் ஐயா."

"எல்லாம் தெக்கால தானா? வடக்கால ஓட மாட்டீங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே சொன்னார்: "ஓடணும்னாலும் அங்க ஏதும்மா கரை? என் அக்காவ திருவொத்தியூர் பக்கம்தான் குடுத்தோம். அவுங்க வூட்டு வாசல்ல கட்டுமரமா ஏத்தி வெச்சிருப்பாங்க. இப்ப வூடே இல்ல, கடலு இருக்குது." கையிலிருந்த நண்டைக் கூடையில் போட்டுவிட்டு, உட்கார்ந்திருந்த மணலைத் தட்டினார். "அங்க போவ வேண்டிய மண்ணு. இங்க நின்னுபோச்சு."

அன்றிலிருந்து ஓட்டத்தைப் பற்றிய நினைப்பு போய், இந்த மண்ணைப் பற்றிய நினைப்பாகவே இருக்கிறேன். அவர் சொன்னது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு இல்லை. கடல் பொறியியல் படித்தவர்கள் படம் போட்டு விளக்குவதை அவர் ஒரு கைத்தட்டலில் சொல்லிவிட்டார்.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை சாய்வாக வந்து அடித்து, கரையோர மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. வடகிழக்குப் பருவத்தில் அது தெற்கே திரும்புகிறது. முதலாவதைத் தெண்டி என்றும் இரண்டாவதை வன்னி என்றும் குப்பத்தில் சொல்வார்கள். ஆண்டுக் கணக்கு போட்டால் தெண்டியின் கைதான் ஓங்கியிருக்கும். வடக்கே போவதும் தெற்கே வருவதும் கழிந்து, ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் பயணம் போகிறது. யாரும் குறுக்கே நிற்காத வரை எந்தக் கரைக்கும் நஷ்டமில்லை. வந்த அளவே போகும், போன அளவே வரும்.

1875 டிசம்பரில் குறுக்கே ஒன்று வந்தது. அதுவரை சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலா படகுகள், அலைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து ஆட்களையும் சரக்குகளையும் கரை சேர்க்கும். ஆணி அடித்த படகு அந்த அலையில் உடைந்துவிடும், தைத்த படகு தாங்கும். படகோட்டிகள் இந்தக் கரையின் மீனவர்கள்தான். வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னராக ஆனவர், வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கற்கரங்களை நீட்டி, நடுவில் கப்பல்கள் நிற்கும்படி அமைப்பு. 1881 நவம்பர் புயல் அதை அடித்து நொறுக்கியது. மறுபடி கட்டினார்கள்.

தெற்கேயிருந்து வந்த மணல் அந்தத் தெற்குக் கரத்தில் முட்டி நின்றது. நின்ற மணல் பின்னால் சேர்ந்துகொண்டே போனது. சேர்ந்த மணலின் ஓரத்தில் ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் உலாவும் சாலை ஒன்றைப் போட்டு, அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். மணல் மேலும் மேலும் வந்து, துறைமுகத்தின் கிழக்கு வாயிலையே அடைத்துவிடும் போலிருந்ததால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாயிலை மூடி, வடகிழக்கில் புதிய வாயில் திறந்தார். மெரினா அதற்குப் பிறகும் வளர்ந்தது. இன்றைக்குச் சில இடங்களில் சாலையிலிருந்து கடலுக்குப் போக 400 மீட்டர் மணலில் நடக்க வேண்டும்.

முன்பு கடல் எவ்வளவு கிட்டத்தில் இருந்தது என்பதற்கு விவேகானந்தர் இல்லமே சாட்சி. 1897இல் விவேகானந்தர் வந்து தங்குவதற்கு வெகுகாலம் முன்பு அது ஐஸ் ஹவுஸ். 1842இல் அமெரிக்காவின் டியூடர் கம்பெனி, மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமித்து வைப்பதற்காகக் கட்டியது. மதராஸ் வெயிலில் பனிக்கட்டியை வைத்து விற்கிறவன் கிடங்கை அலைக்குப் பக்கத்தில்தானே கட்டுவான்? இன்று அந்த வாசலில் நின்றால் கடல் கண்ணுக்கு எட்டுகிறது, காலுக்கு எட்டவில்லை.

நாம் குழந்தைகளைக் கூட்டிவந்து சுண்டலும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுக்கும் இந்த மணல்வெளி, கடல் நமக்கு வாரிக் கொடுத்த பரிசு என்று நினைத்திருக்கிறோம். கடல் வடக்கே இருப்பவர்களுக்காக எடுத்துப்போனதை, நாம் வழியில் நிறுத்தி வைத்துக்கொண்டோம். காவிரி டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கப் படம் எதுவும் வேண்டாம். மேல்மடையில் பலகையைப் போட்டுத் தண்ணீரைத் தேக்கினால் கடைமடை காயும். துறைமுகத்துக்குத் தெற்கே இருப்பது மேல்மடை. ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் எர்ணாவூரும் கடைமடை.

கடைமடையில் என்ன நடந்தது? வடக்கே போகும் அலையின் பசி குறையவில்லை. கொண்டுவர மணல் இல்லாததால், எதிரில் இருந்த கரையை அரித்தது. தெருக்கள் போயின, தென்னைகள் போயின, கோயில்கள் போயின. அரசு பல பத்தாண்டுகளாகக் கருங்கல்லைக் கொண்டுவந்து கொட்டி, எண்ணூர் விரைவுச் சாலையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. 2000களில் ராயபுரம் பக்கம், கடலுக்குள் நீளும் கற்சுவர்களாகத் தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். இரண்டு வளைவுகளுக்கு நடுவே கொஞ்சம் மணல் சேர்ந்தது, உண்மை. அந்த மணலும் இன்னும் வடக்கே போக வேண்டியதுதான். ஒரு குப்பத்தின் முன்னால் வளைவு கட்டினால் அடுத்த குப்பம் தனக்கும் ஒன்று கேட்கிறது. கேட்காமல் என்ன செய்யும்?

கல்லைக் கொட்டினால் கரை நிலைத்துவிடும் என்று வரைபடம் பார்க்கிறவர்களுக்குத் தோன்றலாம். படகுக்காரருக்குக் கரை என்பது மணல். படகை ஏற்றி வைக்க மணல் வேண்டும், கல்லில் ஏற்றினால் அடிப்பாகம் கிழியும். கரைவலையை இரண்டு வரிசையாக நின்று இழுக்க மணல் வேண்டும். பெண்கள் நெத்திலி காயப்போட மணல் வேண்டும். புயல் வரும்போது அலை ஏறி, ஓடி, களைத்து இறங்கவும் மணல்தான் வேண்டும். கல்மேல் அடிக்கிற அலை களைப்பதில்லை, எகிறி வீட்டுக்குள் வருகிறது. வடசென்னைப் பிள்ளைகள் கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும், கடலில் கால் நனைக்க பேருந்து பிடித்து மெரினாவுக்கு வருகிறார்கள்.

இதற்கு மருந்து இல்லையா என்றால், இருக்கிறது. ஓடுகிறவர்களுக்குத் தெரிந்த ஊரிலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் 1979 முதல் மாரத்தான் நடக்கிறது. அங்கே போய் ஓடிவந்த தமிழர்கள் பலர், அந்தக் கடற்கரையைப் புகழ்ந்து தள்ளுவார்கள். அந்தக் கரைக்கும் நம் கதைதான். 1960களில் தெற்கே ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் கற்சுவர்களை நீட்டினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் நின்றது, கூலங்கட்டா, கிர்ரா கடற்கரைகள் அரித்துப்போயின. நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து என்ற இரண்டு மாநில அரசுகளும் உட்கார்ந்து பேசின. 2001 முதல், முகத்துவாரத்துக்குத் தெற்கே கடலுக்குள் ஒரு பாலம் கட்டி, அதிலிருந்து பம்பு போட்டு மணலை உறிஞ்சி, ஆற்றின் அடியில் குழாய் வழியே வடகரைக்கு அனுப்புகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். மேல்மடைக்காரர்கள் கடைமடைக்குத் தண்ணீர் விடுகிற ஏற்பாடு என்றால் இதுதான்.

அவ்வளவு தூரம் வேண்டாம். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் வாரும் மணலை ராமகிருஷ்ணா கடற்கரையில் கொண்டுவந்து சேர்க்கிற வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் கட்டிய துறைமுகச் சுவர்களால் ஊரின் கடற்கரை காணாமல்போய், கற்குவியல் மட்டும் மிஞ்சியது. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நீருக்கடியில் ஒரு தடுப்பை அமைத்தது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே மறுபடி மணல் சேர்ந்தது. ஒரு தலைமுறை முழுக்க மணலையே பார்க்காத ஊர்க்காரர்கள் அங்கே இறங்கி நடந்தார்கள். அந்த நிறுவனத்தின் தலைமையிடம் சென்னையில், பள்ளிக்கரணையில் இருக்கிறது. சென்னை ஐஐடியில் கடல் பொறியியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. கூவம் கடலில் கலக்கும் இடத்தை மணல் அடைத்துக்கொள்வதும், அதை அவ்வப்போது வாரித் தள்ளுவதும் இப்போதே நடக்கிற வேலைதான். நாங்கள் ஓட்டம் தொடங்கிய பாலத்திலிருந்து பார்த்தாலே அந்த மணல் திட்டு தெரியும். வாரியதைத் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பதை ஒரு நிரந்தர ஏற்பாடாகச் செய்ய வேண்டும். அறிவும் இருக்கிறது, மணலும் இருக்கிறது. கேட்கிற குரல்தான் வடக்கிலிருந்து மட்டும் வருகிறது. தெற்கிலிருந்தும் வர வேண்டும், ஏனென்றால் மணல் நம்மிடம் இருக்கிறது.

அதனால் ஓட்டம் நடத்துகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை நேப்பியர் பாலத்திலிருந்து வடக்கே திரும்புங்கள். ராஜாஜி சாலை வழியே போனால் ராயபுரம் ரயில் நிலையம் வரும். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் புறப்பட்டது. பிறகு காசிமேடு மீன்பிடித் துறைமுகம். அங்கிருந்து கடலை ஒட்டியே எண்ணூர் விரைவுச் சாலையில் போனால் திருவொற்றியூர், கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி, உள்ளே தியாகராஜர் கோயில். போய்த் திரும்பினால் ஏறத்தாழ ஓர் அரை மாரத்தான் தூரம்தான். கண்டெய்னர் லாரிகள் நிற்காமல் ஓடுகிற சாலை அது, தெரியும். காமராஜர் சாலையை எங்களுக்காக ஒரு காலை முழுக்க மூடி வைத்த நிர்வாகத்தால், அந்தச் சாலையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சில மணி நேரம் மூட முடியும். பல ஆயிரம் பேர் கருங்கல் குவியலின் ஓரமாக ஓடிப் பார்த்தால், கடற்கரை என்று நாம் சொல்வது எந்தப் பாதியை என்று ஊருக்கே தெரிந்துவிடும். அலுவலகத்தில், வீட்டில், வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் அவர்கள் அதைப் பேசுவார்கள். எங்களைப் போல ஓடுகிறவர்கள் இந்த ஊருக்குச் செய்யக்கூடிய உருப்படியான உதவி அது.

அந்தப் பாதையை அறிவியுங்கள். அன்றைக்கே என் பெயரைப் பதிவு செய்கிறேன். ஓடிவிட்டு வந்து, எந்தக் குப்பத்தின் முன்னால் மணல் இருக்கிறது, எந்தக் குப்பத்தின் முன்னால் இல்லை என்று இடம் இடமாக இங்கேயே எழுதுகிறேன்.